பட்டமும் பதிவேடும்: தொழில்களுள் நம் மக்கள் புகுந்த வரலாறு

நம் சங்கக் கூட்டங்களில் இளைஞர்கள் எழுப்பும் வினாக்களுள் ஒன்று கால் நூற்றாண்டாக மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. "படியுங்கள், பட்டம் பெறுங்கள் என்கிறீர்கள். பட்டம் பெற்றுவந்தால் தகுதித் தேர்வு என்கிறார்கள். அதிலும் தேறினால் வேறொரு சான்றிதழ் கேட்கிறார்கள். தொழில் தெரிந்தவன் வெளியே நிற்கிறான். தாள் வைத்திருப்பவன் உள்ளே அமர்ந்திருக்கிறான். இந்தப் பட்டங்கள் நம்மை உள்ளே விடுவதற்காக ஏற்பட்டவையா, வெளியே நிறுத்துவதற்காக ஏற்பட்டவையா?" என்பதே அவ்வினா. மேடையில் நின்று இதற்கு ஒரு வரியில் விடை கூறிவிடலாம். அவ்வாறு கூறிக் கைதட்டல் பெற்றோரும் உளர். வெள்ளி விழா மலரில் அதனைச் சற்று நின்று ஆராய்வதே முறை என்று கருதி, வரலாற்று ஏடுகளைப் புரட்டலானோம்.

ஆராய்ச்சிக்கு ஏற்ற களம் நாம் வாழும் ஊரே. பொதிகை மலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்தவை தென்காசியும் குற்றாலமும். அகத்தியர் வாழ்ந்த மலை என்றும், மூலிகை கலந்த நீர் என்றும் ஆனி ஆடிச் சாரலில் வந்து நீராடுவோர் வியந்து போவர். பேரருவிக்குச் செல்லும் வழியெங்கும் வேர்களும் பட்டைகளும் எண்ணெய்களும் கடை விரிக்கப்பட்டிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியாரும் இம்மலைச் சாரலின் வளங்கண்டு ஜாதிக்காய், கிராம்பு முதலியவற்றைக் குற்றாலத்தில் பயிரிட்டுப் பார்த்தனர். இத்தகைய மண்ணில் வைத்தியம் செழித்ததில் வியப்பில்லை. அவ்வைத்தியத்தைக் கையாண்டோர் யார் என்பதே நமக்குரிய கேள்வி.

ஏட்டுச் சுவடி வைத்திருந்தோர் மட்டுமே வைத்தியர் அல்லர். நாடி பார்த்தலும் சோதிடமும் வல்ல வள்ளுவர் குலத்தார் இன்றும் பட்டியல் இனத்தாருள் ஒரு பிரிவினராகவே எண்ணப்படுகின்றனர். எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டுதல், விஷக்கடிக்கு மருந்து கொடுத்தல், மாட்டு வைத்தியம், பேறு பார்த்தல் ஆகிய பணிகளில் நம் தெருக்களில் பழக்கம் உடையோர் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தனர். இவர்களுக்குப் பட்டம் இல்லை, பதிவு இல்லை, கைப்பழக்கமும் ஊராரின் நம்பிக்கையுமே தகுதி.

இதனைக் கேட்டவுடன், "பட்டம் இல்லாத அந்தக் காலமே பொற்காலம்" என்று சில நண்பர்கள் பேசத் தொடங்கிவிடுகின்றனர். அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நம் பாட்டனார் அரைத்துக் கொடுத்த மருந்தை உண்டு பிழைத்தவர்கள் அவரைத் தம் திண்ணைமீது ஏற்றியதில்லை. பிள்ளையைக் கையில் ஏந்தி எடுத்த மருத்துவச்சிக்குப் படி நெல் அளந்தனர். அவளை வாசற்படிக்கு அப்பால் நிறுத்தினர். தாள் கேட்காத அந்த உலகம் பிறப்பைக் கேட்டது. பிறப்புக்குத் தேர்வு எழுத முடியாது. மறுமுறை எழுதித் தேறவும் முடியாது. பட்டத்தைப் பற்றிப் பேசும்போது இவ்வேறுபாட்டை நாம் ஒருபோதும் மறத்தல் ஆகாது.

ஈண்டு அயோத்திதாசப் பண்டிதரை நினைவுகூர்தல் இன்றியமையாதது. 1845ஆம் ஆண்டில் பிறந்த அப்பெரியார், காத்தவராயன் என்னும் இயற்பெயர் நீக்கித் தம் ஆசிரியரின் பெயரையே சூடிக்கொண்டவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர் என்றும், பௌத்தத்தை மீட்டெடுக்க உழைத்தவர் என்றும் அவரை நாம் போற்றுகிறோம். ஆனால் அவர் தொழிலால் சித்த மருத்துவர் என்பதை நம்மில் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. ஆசிரியர்பால் அமர்ந்து கற்ற கல்வியும் நூல்களைத் தாமே துருவிக் கற்ற கல்வியுமே அவருடையவை.

பண்டிதர் 1914ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்தார். அதே 1914ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் பிறந்தது. இஃது ஒரு தற்செயல் ஒற்றுமையே எனினும், வரலாற்றில் ஒரு காலம் முடிந்து மற்றொரு காலம் தொடங்கியதை நன்கு காட்டுகிறது. மேனாட்டு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட பட்டம் உடையோரின் பெயர்களை ஒரு பதிவேட்டில் ஏற்றுவதே அச்சட்டத்தின் நோக்கம். பதிவு இல்லாதவர் மருந்து கொடுக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. ஆனால் சட்டத்தின்முன் செல்லத்தக்க மருத்துவச் சான்று வழங்கவும், அரசு மருத்துவமனையில் பதவி வகிக்கவும் பதிவு பெற்றவர்க்கே உரிமை என்றாயிற்று. வைத்தியர் நோயைத் தீர்க்கலாம். தீர்ந்தது என்று எழுதிக் கையொப்பமிட முடியாது என்னும் நிலை இவ்வாறு தோன்றியது.

நாட்டு வைத்தியர்கள் இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளிலும் வைத்தியர்களிடமிருந்து விடைகளைப் பெற்ற அக்குழு 1923இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி எழுந்தது. பின்னர் இந்திய மருத்துவர்களுக்கெனத் தனிப் பதிவேடும் உண்டாயிற்று. ஆர்.ஐ.எம்.பி. என்ற நான்கெழுத்தைப் பெயருக்குப் பின்னால் பொறித்த பலகைகளை நம் பகுதிப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். 'பதிவு பெற்ற இந்திய மருத்துவர்' என்பது அதன் பொருள். இப்பதிவேட்டில், கல்லூரியில் படித்தவர் மட்டுமன்றிப் பரம்பரை அனுபவம் உடையோரும் இடம்பெற வழி இருந்தது.

வழி இருந்தது மெய். அவ்வழியில் நடக்கக் கால் வேண்டுமே! விண்ணப்பம் எழுத வேண்டும். ஊர்ப் பெரிய மனிதரிடம் நற்சான்று வாங்க வேண்டும். சென்னைக்கு மடல் போட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும். சேரி வைத்தியருக்கு நற்சான்று எழுதித் தரக்கூடிய பெரிய மனிதர், அவரைத் திண்ணையில் ஏற்றாத அதே பெரிய மனிதர்தாம். ஏடும் எழுத்தாணியும் அறிந்த குடும்பங்கள் தங்கள் அனுபவத்தைத் தாளாக மாற்றிக்கொண்டன. வாய்மொழியாகக் கற்றவர்களின் அனுபவம் அனுபவமாகவே நின்றுவிட்டது. பதிவேடு சாதி கேட்கவில்லை. ஆயினும் பதிவேடு வரை செல்லும் சாலை முழுவதும் சாதி இருந்தது.

நாடு விடுதலை பெற்ற பின்னர் இத்துறை மேலும் ஒழுங்குபடுத்தப்பட்டது. 1964ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது நம் மாவட்டத்தார்க்குப் பெருமை தந்த நிகழ்ச்சி. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. தனி மாவட்டம் ஆனது 2019இல்தான். 1970இல் மைய அரசு இயற்றிய இந்திய மருத்துவ மையக் குழுச் சட்டம், முன்னரே பதிவு பெற்றிருந்தோர் உள்ளிட்டோரின் உரிமையைக் காத்தது. இனிப் புகுவோர்க்குக் கல்லூரிப் படிப்பே வாயில் என்றாக்கியது. அச்சட்டத்தின் இடத்தில் 2020இல் புதிய ஆணையச் சட்டம் வந்தபோதும் இந்நிலை மாறவில்லை.

பரம்பரை வைத்தியர்கள் நீதிமன்றப் படியேறிப் பார்த்தனர். கேரளத்துப் பரம்பரை வைத்தியர் மன்றத்தார் தொடுத்த வழக்கில், 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கப்பட்ட கல்வித் தகுதியும் பதிவும் இன்றி மருத்துவம் செய்ய உரிமையில்லை என்பது தீர்ப்பின் சாரம். அவ்வழக்கிற்கு அடிப்படையான சட்டம் 1953ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவர் சட்டம். அச்சட்டம் பிறந்தபோது நமக்கு அடுத்துள்ள செங்கோட்டை அந்த மாநிலத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாளன்றே தமிழகத்துடன் இணைந்தது.

சென்னைத் தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயரையே சூட்டியுள்ளனர். நம் நெஞ்சம் பூரிக்கும் செய்தி இது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறோம். பண்டிதர் இன்று நேரில் வந்து, தம் பெயர் தாங்கிய அம்மருத்துவமனையில் ஒரு நோயாளியின் நாடியைப் பார்க்க விரும்பினால், சட்டம் அவருக்கு இடங்கொடுக்காது.

நம் பகுதியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுவந்த முதியவர் ஒருவர் இருந்தார். விசாரணை வரும் என்று யாரோ அச்சுறுத்த, வீட்டு முகப்பில் தொங்கிய தகரப் பலகையைக் கழற்றித் திண்ணையில் சாய்த்துவைத்துவிட்டார். அதன்பின் எவர் வந்தாலும், "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துப் பாருங்கள் ஐயா" என்பார். அவர் அறிந்த பச்சிலைகளின் பெயர்களை எழுதிவைத்தவர் எவரும் இல்லை.

இவ்வளவு கூறியபின், பதிவேட்டையே ஒழித்துவிட வேண்டும் என்று நாம் சொல்வோமா? ஒருபோதும் சொல்லோம். முறைப்படி முடிக்காத செந்தூரம் நஞ்சு. ஊசி போடத் தெரிந்தவரெல்லாம் மருத்துவர் என்று வந்தால், அந்த ஊசிக்கு முதலில் பலியாவது பணக்காரன் அல்லன். பட்டணத்து மருத்துவரிடம் செல்லக் காசில்லாத நம் மக்களே. மருத்துவச்சிகளின் கதையும் இதனையே உணர்த்துகிறது. 1926ஆம் ஆண்டுச் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பேறு பார்க்கும் பணிக்கும் பதிவேட்டைக் கொண்டுவந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் ஊர்தோறும் வந்தனர்; நம் தெருப் பாட்டிமாரின் பணி படிப்படியாக மறைந்தது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்ந்துள்ளன. முன்னாளில் பேற்றின்போது இறந்துபட்ட நம் தாய்மார் எத்தனை பேர் என்பதை நினைப்போர் இம்மாற்றத்தைக் குறைகூற மாட்டார்கள். மருத்துவச்சியின் மகளுக்குப் பள்ளியிறுதிப் படிப்பு இருந்திருந்தால் அவளே அச்செவிலியாக வந்திருப்பாள் என்பதுதான் நம் வருத்தம். தாய் செய்த தொழிலுக்கு மகள் தகுதியற்றவள் ஆனாள். தொழில் நல்லவிதமாக உயர்ந்தது. அதனுடன் நம் பெண்களை உயர்த்த அந்நாளில் ஒருவரும் முற்படவில்லை.

இனி அரசுப் பணியை நோக்குவோம். தேர்வு என்னும் வாயிலைப் பற்றி நம் முன்னோர் கொண்ட கருத்தை அறிந்தால் இன்றைய இளைஞர்கள் வியப்படைவர். 1893ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்தலாம் என்று பிரிட்டிஷ் மக்கள் சபை தீர்மானம் செய்தது. காங்கிரசார் நெடுநாளாகக் கேட்டுவந்தது இது. நாட்டவர்க்கு உயர் பதவி எளிதாகக் கிட்டும் என்று எல்லாரும் மகிழ்ந்த வேளையில், இரட்டைமலை சீனிவாசனாரின் பறையர் மகாஜன சபையார் அதனை எதிர்த்துப் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பினர். 112 அடி நீளமுள்ள அவ்விண்ணப்பத்தில் 3,412 பேர் கையொப்பமிட்டிருந்தனர்.

இதனைப் பிற்போக்கு என்றும் வெள்ளையர்க்கு அடிபணிதல் என்றும் பழித்தோர் அந்நாளிலும் இருந்தனர், இந்நாளிலும் உளர். அவ்விண்ணப்பத்தின் கருத்தை நாம் நன்கு உணர்தல் வேண்டும். தேர்வு அனைவர்க்கும் பொதுவானது என்பது எழுத்தில் உள்ள உண்மை. பள்ளிக்கூடம் அனைவர்க்கும் பொதுவாக இல்லாத நாட்டில், தேர்வு மட்டும் பொதுவாக இருந்து என்ன பயன்? நம் பிள்ளைகளைப் பள்ளித் திண்ணையிலும் அமரவிடாத சாதியாரே அத்தேர்வில் தேறி, தாசில்தாராகவும் கலெக்டராகவும் நம்மை ஆள வருவர் என்று அம்மூத்தோர் அஞ்சினர். அந்த அச்சம் வீண் அச்சம் அன்று. ஆயினும் கதவைத் திறக்காதே என்று கேட்பது நிலையான வழியாகாது என்பதைக் காலம் காட்டிற்று. 1922இல் அத்தேர்வு இந்திய மண்ணிலும் நடைபெறத் தொடங்கியது. சீனிவாசனாரே பின்னாளில், 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து, கதவுக்குள் நம் பங்கினைக் கேட்டார்.

அண்ணலின் வாழ்வையே எடுத்துக்கொள்வோம். கொலம்பியாவிலும் இலண்டனிலும் கற்றுத் திரும்பியவர், 1917இல் பரோடா அரசில் உயர் பதவி ஏற்றபோது, ஏவலர்கள் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளைத் தூர இருந்து மேசைமேல் எறிந்தனர். அந்நகரில் தங்குவதற்கு அவருக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. உலகப் பெரும் பல்கலைக்கழகத்தின் பட்டமும் பரோடாவின் சத்திரக் கதவைத் திறக்கவில்லை. ஆயினும் அந்தப் பட்டங்கள் இல்லாதிருந்தால் அவர் வழக்கறிஞராக நீதிமன்றத்தில் நின்றிருக்கவும் இயலாது. அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்றிருக்கவும் இயலாது. நம் தமிழகத்தில் ந. சிவராஜ் அவர்கள் சட்டம் பயின்று, சென்னைச் சட்டக் கல்லூரியிலேயே பேராசிரியராக அமர்ந்து, 1945இல் சென்னை மாநகர மேயரானார். பிறப்பு அடைத்த வாயிலைப் பட்டம் சற்றேனும் நெகிழ்த்தியதற்கு இவை சான்று.

வாயில் திறந்திருந்தும் புகுவார் இல்லை என்ற குற்றச்சாட்டு அடுத்து வந்தது. 1928ஆம் ஆண்டின் வகுப்புவாரி ஆணையின்படி பன்னிரண்டு பணியிடங்களுள் ஒன்று தாழ்த்தப்பட்டோர்க்கு என ஒதுக்கப்பட்டது. 1947இல் அது பதினான்கில் இரண்டு என உயர்ந்தது. பட்டதாரிகள் இல்லாத வகுப்புக்குப் பட்டதாரிப் பணியிடம் ஒதுக்குவது, வாயில்லாதவனுக்கு விருந்து வைப்பது போன்றது. "தகுதியுடையோர் கிடைக்கவில்லை" என்ற ஒரு தொடர் அரசுக் கோப்புகளில் நெடுங்காலம் நம்மைத் துரத்திவந்தது. இதனை உணர்ந்தே அண்ணல் அவர்கள், வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, உயர்கல்விக்கு உதவித்தொகை வேண்டும் என்று வாதாடினார். 1944இல் தொடங்கிய மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை அவ்வாறு வந்ததே. இன்றும் நம் பிள்ளைகள் கல்லூரியில் பெறும் தொகைக்கு வேர் அது.

பணியில் புகுந்தபின்பும் தகுதித் தடை நம்மை விட்டதா? மலைக்கு அப்பால் நடந்த ஒரு வழக்கு இதனை நன்கு விளக்கும். கேரள அரசில் கீழ்நிலை எழுத்தர் மேல்நிலை எழுத்தராவதற்குத் துறைத் தேர்வுகளில் தேறவேண்டும். பட்டியல் இனத்தார், பழங்குடியினர் பலர் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியும் இத்தேர்வால் தேங்கி நின்றனர். 1972 ஜனவரியில் அம்மாநில அரசு விதியைத் திருத்தி, அவர்களுக்குத் தேர்வெழுத இரண்டாண்டுக் கால நீட்டிப்பு அளித்தது. பதிவுத்துறையில் அவ்வாண்டு நிரப்பப்பட்ட 51 இடங்களுள் 34 இடங்கள் இவர்களுக்குச் சென்றன. தேர்வில் தேறிய பிறர்க்கு 17 இடங்களே கிடைத்தன. தேறியும் பதவி உயர்வு பெறாத என்.எம். தாமஸ் என்ற எழுத்தர் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்தில் அவர் வென்றார். ஆனால் உச்ச நீதிமன்றம் 1975 செப்டம்பர் 19ஆம் நாள், ஐவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அரசு செய்தது சரியே என்று தீர்ப்பளித்தது.

தாமஸ் அவர்களின் மனக்குறை பொய்யென்று நாம் கூறமாட்டோம். அவர் உழைத்துத் தேறியவர். ஆயினும் கேரள அரசு தேர்வை நீக்கிவிடவில்லை, காலம் மட்டுமே கொடுத்தது என்பதை நோக்குக. தகுதி வேண்டாம் என்பது நம் கோரிக்கை அன்று. தகுதியை அடையக் காலமும் வசதியும் வேண்டும் என்பதே. பின்னர் 1996இல் வந்த மற்றொரு தீர்ப்பு, பதவி உயர்வுக்கான தேர்வில் தேர்ச்சி மதிப்பெண்ணைத் தளர்த்தக் கூடாது என்றது. மைய அரசு 1997இல் சலுகையைத் திரும்பப் பெற்றது. நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 2000ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தின் 82ஆம் திருத்தம் அத்தளர்வை மீண்டும் அனுமதித்தது. ஒரு எழுத்தர் தேர்வுக்காக அரசியல் சட்டத்தையே திருத்தவேண்டியிருந்தது!

சான்றிதழ் இருந்தும் புகமுடியாத தொழில் ஒன்று உண்டு. அது கோயில் அர்ச்சகர் பணி. தமிழக அரசு 1970இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் செய்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ஆகமம் மீறப்படலாகாது என்று கூறியதால் நிலைமை முன்போலவே நின்றது. 2006இல் அரசு மீண்டும் ஆணையிட்டு, பயிற்சிப் பள்ளிகளைத் திறந்தது. நம் இளைஞர்களும் உட்பட இருநூற்றுக்கும் மேற்பட்டோர் அப்பள்ளிகளில் பயின்று சான்றிதழ் பெற்றனர். மந்திரம் கற்றனர், முறை கற்றனர், ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். பயிற்சிச் சான்று எதுவும் இல்லாமல் பிறப்பால் வந்தோர் கருவறையில் நின்றனர். சான்று பெற்றோர் வெளியே நின்றனர். 2021 ஆகஸ்டு 14இல்தான் அவ்வாறு பயின்றோருள் 24 பேர்க்குப் பணி ஆணை வழங்கப்பட்டது. அண்டை நாடாகிய கேரளத்தில், 1936இலேயே ஆலய நுழைவு கண்ட திருவிதாங்கூர்ப் பகுதியில், தேவஸ்வம் பணிக்குத் தேர்வும் நேர்காணலும் நடத்தி, இட ஒதுக்கீட்டின்படி 2017இல் நம்மவர் ஆறு பேரையும் அர்ச்சகராகத் தேர்ந்தெடுத்தனர். தேர்வு என்பது இங்கே தடையாக வரவில்லை. தேர்வு வந்ததால் அல்லவோ பிறப்பு என்னும் தடை நீங்கிற்று!

பட்டம் தடையா, வாயிலா என்ற வினா ஒரே விடையை ஏற்காது என்பது இவற்றால் புலனாகும். முன்பு யாவர்க்கும் பொதுவாயிருந்த கைத்தொழிலுக்குப் புதிதாகச் சான்று கேட்கப்படும்போது, பள்ளி எட்டாதவர் வெளியே தள்ளப்படுகின்றனர். வைத்தியருக்கும் மருத்துவச்சிக்கும் நேர்ந்தது அதுவே. முன்பு பிறப்பால் அடைக்கப்பட்டிருந்த பணிக்குச் சான்று கேட்கப்படும்போதோ, நமக்கு நுழைவதற்கு ஓர் இடுக்குக் கிடைக்கிறது. ஆகையால் எந்தப் புதிய தகுதி விதி வந்தாலும், அது எந்தத் தொழிலின்மேல் வருகிறது, அதற்கு முன் அங்கே யார் இருந்தார் என்பதைக் கேட்டறிந்தபின் வரவேற்கவோ எதிர்க்கவோ வேண்டும் என்பது நம் கருத்து.

இதற்கு அண்மைக் காலத்திலேயே சான்று உண்டு. மருத்துவப் படிப்புக்கு மாநில நுழைவுத் தேர்வு 1984-85இல் வந்தது. கிராமப்புற மாணவர் பின்தங்குகின்றனர் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்ற அந்த ஆண்டுகளில், தனிப்பயிற்சிக்குப் பணம் இல்லாத பிள்ளைகள் மருத்துவர் ஆயினர். 2017இல் நீட் தேர்வு வந்தது. அரியலூர் மாவட்டத்து மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்றிருந்தும் மருத்துவக் கல்லூரியில் இடம் பெறவில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்று முறையிட்ட அம்மாணவி 2017 செப்டம்பர் முதல் நாள் உயிர் துறந்தார். சித்த மருத்துவப் படிப்புக்கும் இன்று அந்தத் தேர்வே வாயில். ஆசிரியர் பணியிலும் இதே கதை. 2012இல் தமிழகத்தில் நடந்த முதல் தகுதித் தேர்வில், எழுதியோருள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பிற மாநிலங்களில் மதிப்பெண் தளர்வு இருந்தும் இங்கு அது 2014 பிப்ரவரியில்தான் வந்தது. 150க்கு 90 என்றிருந்தது ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 82 ஆயிற்று. இவ்விடைப்பட்ட காலத்தில் வயது கடந்தோர் நம் தெருவிலும் உண்டு.

பட்டத்துடன் வேறு ஒரு சான்றும் நம்மிடம் கேட்கப்படுகிறது. அது சாதிச் சான்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தினர்க்கே பட்டியல் இன உரிமை. ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில், ஒரே கல்லூரியில் படித்த அண்ணன் தம்பியருள் ஒருவர் கிறித்தவர் ஆயின், ஒருவர்க்குக் கிட்டும் ஒதுக்கீடு மற்றவர்க்குக் கிட்டுவதில்லை. நெல்லைச் சீமையில் நம் பாட்டன்மார்க்கு முதன்முதல் எழுத்தறிவித்தவை பெரும்பாலும் மிஷன் பள்ளிகளே என்பதை நினைத்தால், இவ்விதியின் கொடுமை இன்னும் விளங்கும். இது தனியே எழுதவேண்டிய பொருள். இங்கு இவ்வளவில் விடுகிறோம்.

2010 முதல் தமிழக அரசு தொழிற்கல்வி பயிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வழங்கிவருகிறது. அதற்கும் ஒரு சான்றிதழ் வேண்டும்: குடும்பத்தில் இதுவரை ஒருவரும் பட்டம் பெறவில்லை என்ற சான்றிதழ். சங்க அலுவலகத்தில் இம்மனுக்களை எழுதிக் கொடுப்பது நம் வழக்கம். முன்னர்க் குறிப்பிட்ட கட்டுப் போடும் முதியவரின் பேரன், பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்து, இம்மனுவுடன் வந்திருந்தான். பாட்டனாரின் கல்வித் தகுதியைக் குறிக்கும் கட்டம் வந்ததும், "வைத்தியர் என்று எழுதலாமா ஐயா?" என்று கேட்டான். தாசில்தார் அலுவலகத்தில் அதற்கு விளக்கம் கேட்டு மனுவைத் திருப்பினால் கல்லூரியில் பணம் கட்டும் நாள் தவறிவிடும். 'படிக்கவில்லை' என்று எழுதச் சொன்னோம். அவன் எழுதினான். பாட்டனார் அறிந்த பச்சிலைகளுள் பாட்டியார்க்கு நினைவிருப்பவற்றை வேறொரு நோட்டில் எழுதிக்கொண்டு வருமாறும் சொல்லியனுப்பினோம். அடுத்த வாரம் நாற்பத்தொரு பெயர்களுடன் அவன் வந்தான். அந்நோட்டு இப்போது சங்க நூலகத்தில் உள்ளது.